கூட யாரும் வரலையா?

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலூர் கோட்டைக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை வாசலில் நாங்கள் நாலு பேர் நின்றோம். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற சார், ரயிலில் சாமான் விற்கிற தம்பி, கல்லூரியில் எம்.ஏ. படிக்கிற பெண், அப்புறம் நான். சாருக்கு மூன்று வயதில் அம்மை போட்டுக் கண் போனது. தம்பிக்கும் அந்தப் பெண்ணுக்கும் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. எனக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சார் நாலு டீ சொன்னார், ஒன்று சர்க்கரை இல்லாமல். டீ ஆற்றுகிற சத்தம் சட்டென்று நின்றது. கடைக்காரர் வெளியே வந்து, நிஜமான பதற்றத்தோடு கேட்டார்: "ஏங்க, கூட யாரும் வரலையா?"

நாலு பேர் நிற்கிறோம். தோள் உரச, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நிற்கிறோம். அவர் கணக்கில் அங்கே யாருமே வரவில்லை. சார், "நாலு பேர் வந்திருக்கோம்பா, அதான் நாலு டீ" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் டீ தொண்டையில் இறங்கவில்லை. கடைக்காரர் மேல் கோபமெல்லாம் இல்லை. டம்ளரை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, விரல்கள் சரியாகப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகே அவர் தன் கையை எடுத்தார். கடைசியில் காசே வாங்க மாட்டேன் என்றார். நல்ல மனுஷன். ஒரு கடுகடுத்த ஆள் கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். நல்லவர் வாயிலிருந்து வந்ததால் அந்தக் கேள்வி மாதக்கணக்கில் கூடவே வருகிறது. அது என்னை இவ்வளவு உறுத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. காட்பாடி ஸ்டேஷனில் நடந்த விஷயம் அது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேலூரில் பிறந்து வளர்ந்தவர்கள் வாயில் இந்தக் கேள்வி தானாக வரும். 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு இங்கே வைத்தியம் பார்க்கத் தொடங்கியதிலிருந்து இது ஆஸ்பத்திரி ஊர். வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களிலும் ஓட்டல்களிலும் பெயர்ப்பலகை வங்காளியில் இருக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் ஒருவர், கையில் ஃபைல், ஸ்கேன் கவர், தண்ணீர் பாட்டில். ஆட்டோக்காரர் கேட்பார், லாட்ஜில் கேட்பார்கள், மருந்துக்கடை வரிசையில் பின்னால் நிற்கிறவர் கேட்பார்: "கூட யாரு வந்திருக்கா?" நோயாளி தனியாக வந்துவிட்டால் இந்த ஊருக்கு மனசு பொறுக்காது. அந்த அக்கறையில் வளர்ந்தவள்தான் நானும். ஆனால் அன்று நான் வைத்தியத்துக்கு வரவில்லை. டீ குடிக்க வந்திருந்தேன்.

முஷ்டி அகலம்

கையை முன்னால் நேராக நீட்டி, விரல்களை மடக்கி முஷ்டி பிடித்துப் பாருங்கள். அந்த முஷ்டியின் அகலம் உங்கள் பார்வையில் ஏறக்குறைய 10 டிகிரி. எனக்கு உலகம் இப்போது அதைவிடச் சின்ன வட்டம். வட்டத்துக்கு வெளியே கறுப்பாக இருக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கறுப்பும் இல்லை. உங்கள் தலைக்குப் பின்னால் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிவதில்லையோ அப்படித்தான். ஆனால் வட்டத்துக்கு உள்ளே எல்லாம் தெளிவு. தினத்தந்தியில் பொடி எழுத்தைக்கூட படிப்பேன். ஊசியில் நூல் கோர்ப்பேன். எதிரே வருகிற சைக்கிள் தெரியாது.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி. உலக அளவில் சுமார் 4000 பேரில் ஒருவருக்கு வருகிறது என்கிறார்கள். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கான செல்கள் முதலில் சாகின்றன. அதனால் சின்ன வயதில் மாலைக்கண் மாதிரிதான் தொடங்கும். என் ஆயா முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் ஆட்டு ஈரலுமாகச் சமைத்துப் போட்டார். சத்துக்குறைவால் வரும் மாலைக்கண்ணாக இருந்தால் அதில் சரியாகியிருக்கும். என்னுடையது பரம்பரையில் வந்தது. அப்பா, அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். இருவரிடமும் ஒளிந்திருந்த ஒரே பழுது எனக்குள் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. என் கூடப்பிறந்த தம்பி தப்பித்தான், நான் சிக்கினேன். அம்மா இதைக் கேட்ட நாளிலிருந்து தன்னையே நொந்துகொண்டு போய்ச்சேர்ந்தார். அதைப் பற்றி இங்கே எழுத மனசு வரவில்லை.

மண்டித்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். வேலூர் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாத மத்தியானத்தில் தெருவிலிருந்து கடைக்குள் கால் வைத்தால் மற்றவர்களுக்கு ஒரு நொடி மங்கலாக இருக்கும். எனக்குப் பத்து நிமிஷம் ஒன்றுமே இருக்காது. அந்தப் பத்து நிமிஷத்தைக் கடத்த நான் வைத்திருந்த உபாயங்கள் ஏராளம். வாசலிலேயே நின்று செருப்பு வாரைச் சரிசெய்வேன். கைப்பையில் எதையோ தேடுவேன். வெல்ல மூட்டை அடுக்கு எத்தனையாவது அடியில் தொடங்குகிறது என்று மனப்பாடம். புதுச் சரக்கு வந்து மூட்டையை இடம் மாற்றிவிட்டால் அன்றைக்கு முழங்காலில் அடி. "பேப்பர் படிக்கிறா, வழியில கிடக்கிற மூட்டை தெரியலையாம்" என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. சான்றிதழுக்குப் போன இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்: "நல்லாத்தானேம்மா பார்க்குறீங்க." 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குக் கீழே போனால் பார்வையின்மை என்றே எழுதியிருக்கிறது. 10 முதல் 40 டிகிரி வரை குறைபார்வை. சட்டத்தில் அது ஒரு வரி. அதை அந்த மேசைக்கு முன்னால் நின்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை.

ஊருக்கு மட்டும் மறைத்தேன் என்றால் பரவாயில்லை. வீட்டுக்காரருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. "ராத்திரியில கொஞ்சம் மங்கலா இருக்கு" என்ற அளவோடு நிறுத்தியிருந்தேன். தனியாக எங்கும் போகாமல் பார்த்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா, கோயிலுக்குக் கொழுந்தியாள், கடைக்குக் கடைப்பையன். கூட யாராவது இருக்கிற மாதிரி வாழ்க்கையை அமைத்துக்கொண்டேன். அவர்களில் ஒருவருக்கும் எதற்காகக் கூட வருகிறார்கள் என்பது தெரியாது.

காட்பாடி, மூன்றாவது தடவை

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கல் லீவு முடிந்து பெண்ணைச் சென்னைக்கு அனுப்ப காட்பாடி போயிருந்தோம். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் இரவு ஷிப்ட். எங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, "ஏத்திவுட்டுட்டு நீ ஆட்டோ புடிச்சு வந்துடு" என்று கிளம்பிவிட்டார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், கொஞ்சம் மங்கல் என்றுதானே சொல்லியிருக்கிறேன்.

ரயில் தாமதம். அது வந்து, பெண் ஏறி, கையசைத்து, வண்டி நகர்ந்தபோது தை மாதத்துச் சீக்கிர இருட்டு கட்டிவிட்டது. பெட்டிகளின் வெளிச்சமும் போனது. ஒரு பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேம்பாலப் படி இடதுபக்கம் எங்கோ இருக்கிறது. நடுவில் பார்சல் வண்டிகள், படுத்திருக்கிறவர்கள், பிளாட்பார ஓரம். ஓரத்தை நினைத்ததும் கால் அசையவில்லை. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே உபாயத்தைச் செய்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். "ம், இங்கதான் இருக்கேன். வந்துட்டியா? ம், சரி சரி." அரை மணி நேரம் இருக்கும், அப்படியே பேசிக்கொண்டிருந்தேன்.

"ரேஷன் கார்டு கவர், ஆதார் கவர், ஏடிஎம் கவர்" என்று ஒரு குரல் என்னைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. பிறகு என் அருகிலேயே நின்றது.

"இன்னாக்கா, மூணாவது தடவ இந்தப் பக்கம் வரேன். அதே இடத்துல நின்னு பேசிக்கினே கீறீங்க."

"ஆளுக்காகக் காத்திருக்கேன் தம்பி."

"சரிக்கா." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா போன்ல எதிர்ப்பக்கம் ஒரு சத்தமும் வரலியே."

காது சூடாகிவிட்டது எனக்கு. இத்தனை வருஷத்தில் கண் தெரிந்தவர்கள் யாரும் கண்டுபிடிக்காததை அவர் போகிற போக்கில் காதால் கண்டுபிடித்துவிட்டார். போனை இறக்கினேன். அப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியம். "கண்ணு எவ்ளோக்கா இருக்குது?"

தெரியுதா தெரியலையா என்றுதான் இதுவரை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், எதைச் சொன்னாலும் எனக்குப் பொய். எவ்வளவு இருக்கிறது என்று அளவு கேட்ட முதல் ஆள் இவர்தான். பை நிறைய பிளாஸ்டிக் கவர்களோடு, காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே ஏறி இறங்கிப் பிழைக்கிற ஒரு பிள்ளை, என் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். வெளியே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். "வாங்க. என் முழங்கைக்கு மேல புடிங்க. நான் ஒரு அடி முன்னாடி போவேன். நான் படி ஏறச்சொல்ல உங்க கை தூக்கும், எறங்கச்சொல்ல எறங்கும். வாயால ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பிடித்தேன். அப்படியேதான் நடந்தது. முதல் படியில் என் கை ஒரு அங்குலம் தூக்கியது, கால் தானாக ஏறியது. இன்னொரு கையைப் பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் வைக்கச் சொன்னார். சாய்வாகப் போகிற கம்பி நேராகிற இடத்தில் படி முடியும், மறுபடி சாய்ந்தால் மறுபடி படி. நாற்பத்து மூன்று வயதில் இதைக் கற்றுக்கொண்டேன். எத்தனை பாலங்களில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே பயந்திருக்கிறேன், அது சொன்னதைக் கேட்கத்தான் தெரியவில்லை. பாலத்தின் நடுவில் போகும்போது கீழே ஒரு சரக்கு ரயில் போனது. பாலம் அதிர்ந்தது. அது போய் முடியும் வரை அவர் நின்றார். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில்தான் சொன்னேன் போலிருக்கிறது: "எனக்குக் கண்ணு தெரியலப்பா."

"தெரியும்க்கா" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல ஞாபகமாக மட்டும் இருந்திருக்கும். கீழே இறங்கி ஸ்டாண்டுக்கு வந்தோம். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, அதே அக்கறையோடு, அதே வார்த்தைகளில் கேட்டார்: "கூட யாரும் வரலையாம்மா?"

என் கை அந்தப் பிள்ளையின் முழங்கையை இன்னும் பிடித்திருந்தது. "இல்லீங்க, தனியாத்தான் வந்தேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று வருஷமாக யோசிக்கிறேன். பழக்கம் என்று சொல்லலாம். வாயில் வந்துவிட்டது என்று சொல்லலாம். நிஜம் என்னவென்றால், பிளாட்பாரத்திலிருந்து அங்கே வரை என்னைக் கொண்டுவந்து சேர்த்தவரை நான் "கூட வந்தவர்" என்று எண்ணவே இல்லை. கண் தெரிந்த ஒருவர் வந்தால்தான் அது கூட வருவது என்று எனக்குள்ளேயே ஊறிப்போயிருந்தது. அவர் அதைக் கேட்டார், கேட்காமல் இருக்க முடியாது. ஒன்றும் சொல்லவில்லை. என் நம்பரைக் கேட்டு வாங்கி, திரும்பச் சொல்லிச் சரிபார்த்தார். "குரூப்ல சேத்துவுடுறேன்க்கா. நம்ம ஆளுங்கதான் எல்லாம்."

ஞாயிற்றுக்கிழமைகள்

அந்தக் குரூப்பில் எழுத்து குறைவு, குரல்தான் அதிகம். குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர் என்று பழைய வடஆற்காடு முழுக்க ஆட்கள். வேலூர் மாவட்டத்தை 2019இல் மூன்றாகப் பிரித்தார்கள், இவர்கள் பிரியவில்லை. வங்கியில் வேலை செய்கிறவர்கள், ஆசிரியர்கள், கச்சேரியில் தபேலா வாசிக்கிறவர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். முதல் ஒரு மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். எந்தப் பரீட்சைக்கு எழுதித்தர ஆள் கிடைத்தார், எந்த டவுன் பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்வார், யார் பெண்ணுக்குக் காது குத்து, போனில் புது அப்டேட் வந்தபின், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற டாக்பேக் தமிழை எப்படிக் கடித்துப் படிக்கிறது. பார்வை அறவே இல்லாதவர் "டோட்டல்", கொஞ்சம் மிச்சமிருக்கிறவர் "பார்ஷியல்" என்று பேசிக்கொள்வார்கள். தன்னைப் பற்றிச் சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை. அதைக் கேட்டுத்தான் எனக்கு முதலில் தைரியம் வந்தது.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, முடிந்தவர்கள் கோட்டைப் பக்கம் கூடுவோம். மக்கானில் இருக்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூண்தான் அடையாளம். 1806 ஜூலை 10 விடியற்காலையில் என்ன நடந்தது என்று சார் ஆரம்பித்தால் அகழியின் ஈரக்காற்றில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைக் கையால் தடவியே வரிசையாகச் சொல்வார், இங்கே யாளி, இங்கே குதிரை என்று. பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போகிறேன், அந்தக் குதிரையின் கடிவாளம் எவ்வளவு நுணுக்கம் என்பது என் விரல் பட்ட பிறகுதான் தெரிந்தது.

விரலால் தடவிப் படிக்கிற ஆறு புள்ளி எழுத்து, பிரெயில், அதை எனக்கு ஆரம்பித்துவைத்தது சார்தான். அவர் வீட்டில் ஒரு பழைய பல்லாங்குழி இருந்தது. அதை நெடுக்குவாக்கில் திருப்பி, மேலே உள்ள மூன்று வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இடப்பக்கம் மூன்று குழி, வலப்பக்கம் மூன்று குழி, ஆக ஆறு. அதில் புளியங்கொட்டை. இடப்பக்கம் மேல்குழியில் ஒரே ஒரு கொட்டை போட்டால் "அ". அதோடு இடப்பக்கம் மூன்றாவது குழியிலும் போட்டால் "க". வலப்பக்கம் மேல்குழியிலும் ஒன்று சேர்ந்தால் "ம". லூயி பிரெயில் இதை உருவாக்கியபோது அவருக்கு வயது 15 என்றார். 1951இலிருந்து இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக பாரதி பிரெயில் என்று ஒரே முறை இருப்பதால், தமிழ் "க"வும் இந்தி "க"வும் ஒரே புள்ளிகள்தான் என்றும் சொன்னார். புளியங்கொட்டையில் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. காகிதத்தில் வர எட்டு மாதம் ஆனது. ரூபாய் நோட்டும் பேரேடும் புரட்டிப் புரட்டி என் விரல்நுனி மரத்துப்போயிருக்கிறது. இன்னும் ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆகிறது. என் வட்டம் முழுதாக மூடுகிற நாளில் கையில் ஒன்று இருக்கட்டும் என்று படிக்கிறேன்.

ரூபாய் நோட்டு என்றதும் தம்பி ஞாபகம் வருகிறது. கணக்குப்பிள்ளை எனக்கு நோட்டு எண்ணச் சொல்லிக்கொடுத்தது அவர். 2016 கடைசியிலிருந்து வந்த புது நோட்டுகளில் 200 ரூபாய் 146 மில்லிமீட்டர் நீளம், 500 ரூபாய் 150. நாலே மில்லிமீட்டர். ஓடுகிற ரயிலில், ஆட்கள் இடித்துக்கொண்டு போகும்போது அந்த நாலு மில்லிமீட்டரை விரல் கண்டுபிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே நோட்டைச் செருகி, ஒரு முனையை விரல்சந்தில் முட்டவிட்டு, மறுமுனை எந்த விரல்கோட்டைத் தொடுகிறது என்று பார்ப்பார். சந்தேகம் என்றால் ஓரத்தில் மேடாக அச்சிட்ட கோடுகள். 500க்கு ஐந்து கோடு, 100க்கு நாலு. புது நோட்டில்தான் அது கைக்குத் தெரியும், நாலு பேர் கை மாறினால் தேய்ந்துவிடும். போனில் ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி நோட்டைச் சொல்லும். ஆனால் அவர் கேட்டார்: "ட்ரெயின்ல ஆளு எறங்கறதுக்குள்ள நான் எப்பக்கா போனை எடுத்து, எப்ப காட்டுறது?" வாங்கினதும் 500ஐ நாலாக மடித்து சட்டைப்பையில், 200ஐ இரண்டாக மடித்துப் பேண்ட்டில். நானும் இப்போது அப்படித்தான் பர்ஸ் வைத்திருக்கிறேன்.

எம்.ஏ. பெண் என் லேப்டாப்பில் என்.வி.டி.ஏ. போட்டுத் தந்தாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள், காசு கிடையாது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, பிறகு ஜேம்ஸ் டெ சேர்ந்துகொண்டார். இரண்டு பேருக்கும் பார்வை இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவள், "யாராவது செஞ்சு தருவாங்கன்னு உக்காந்திருந்தா இன்னும் உக்காந்துதான் இருக்கணும்க்கா" என்றாள். அவளுக்கு இருபத்து இரண்டு வயது.

கம்பு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மடக்குகிற வெள்ளைக் கம்பை வாங்கி, இரண்டு மாதம் கோட்டைப் பக்கம் மட்டும் விரித்தேன். கொசப்பேட்டையில் எங்கள் தெருமுனை வந்ததும் மடக்கிப் பைக்குள் போட்டுவிடுவேன். சார் கடிந்துகொண்டார்: "உன் தெருவுலதான் முதல்ல விரிக்கணும்." அந்தப் பெண் எனக்காகப் பரிந்து பேசினாள்: "அவங்க தெரு, அவங்க இஷ்டம் சார். எங்கள மாதிரி சின்னதுலருந்தே ஊருக்குத் தெரிஞ்சிருந்தா வேற." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பாதியில் இழக்கிறவளுக்கு ஊரின் கண்முன்னால் ஒரு நாள் குறித்து மாற வேண்டியிருக்கிறது. முதலில் வீட்டுக்காரரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். காட்பாடியில் நின்றதையும் சேர்த்து. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு நான் உன்ன விட்டுட்டுப் போனேனே" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை வீட்டு வாசலிலேயே கம்பை விரித்தேன். எதிர்வீட்டு அக்கா அழுதுவிட்டார். பால்காரர் ஒன்றும் கேட்காமல் சைக்கிளை ஓரம் எடுத்து வைத்தார், இன்றுவரை எடுத்து வைக்கிறார். சாக்கடை மூடியில் கம்பு பட்டால் உள்ளே வெற்றிடத்தின் சத்தம் கேட்கும். தாரில் கரகரப்பு, மண்ணில் மொத்தென்று. பத்து நாளில் தெரு காதுக்கு வந்துவிட்டது.

அந்தக் கேள்விக்கு

டீக்கடைக்குத் திரும்புகிறேன். அன்று சார் காசை வலுக்கட்டாயமாகக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். வழியில் நான் ஆற்றாமையோடு அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசினேன். சார், "எழுபது வயசு வரைக்கும் கேட்டுட்டேன், விடும்மா" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கோபம். ஹாஸ்டல் வாசலில், வங்கியில், பரீட்சை ஹாலில் ஒவ்வொரு நாளும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதாம். கூட யாரும் வரவில்லை என்று சில இடங்களில் வேலையையே செய்து தராமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவள் கோபம்தான் சரி என்று எனக்குப் படுகிறது. அக்கறையாகத் தொடங்குகிற கேள்வி, பதில் "இல்லை" என்று வந்ததும் கதவைச் சாத்திவிடுகிறது. கேட்கிறவருக்கு அது தெரிவதில்லை. "என்ன வேணும், எந்தப் பக்கம் போகணும்" என்று கேட்டால் போதும். அவ்வளவுதான் தேவை, நிஜமாகவே.

தம்பி மட்டும் ஒன்றும் பேசாமல் வந்தார். அவர் முழங்கையைத்தான் அன்றும் பிடித்திருந்தேன். கேட்டுவிடலாம் என்று துணிந்து, "அன்னிக்கு ஆட்டோ ஸ்டாண்டுல நான் சொன்னது ஞாபகம் இருக்கா தம்பி?" என்றேன். "இன்னாத்த சொன்னீங்க?" என்றார். நிஜமாகவே மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா, குரலை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "இன்னாக்கா நீங்க" என்று நடையைக் கொஞ்சம் வேகமாக்கினார்.

போன கார்த்திகையில் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். கண்ணில் நீர் அழுத்தம் ஏறி, கவனிக்காமல் விட்டு, நரம்பு கெட்டு, இரண்டு கண்ணும் போய்விட்டது. கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. அறுபத்து மூன்று வயது. பக்கத்து வீட்டுப் பையன் எங்கிருந்தோ என் நம்பரை வாங்கித் தந்திருக்கிறான். இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் பேசினோம். குழம்புக்கு உப்பு போடுவது எப்படி என்று முதல் நாள் கேட்டார். உள்ளங்கையில் கொட்டி அளந்து போடச் சொன்னேன். ரேஷன் கடை, மருமகள், ஆடு என்று பேச்சு வளர்ந்தது. என்னைக் கணக்குப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு வாருங்கள், பழைய பஸ் ஸ்டாண்டில் நான் வந்து நிற்கிறேன் என்றேன். மகன் கொண்டுவந்து விடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் வந்தது. "பாத்து எறங்குமா, பாத்து" என்று கண்டக்டர் குரல். வளையல் சத்தம், பிறகு அவர் குரல், போனில் கேட்டதைவிடச் சின்னதாக: "கணக்குப்புள்ள?"

கம்பைத் தட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்தேன். பஸ் கிளம்பிப் போனது. அவர் பக்கத்தில் வேறு காலடிச் சத்தமே இல்லை. எனக்குப் பகீரென்றது. யோசிப்பதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்துவிட்டது:

"ஏம்மா, கூட யாரும் வரலையா?"

"ஏன்," என்றார் அவர், "நீதான் வரேன்னு சொன்னியே."

பஸ் ஸ்டாண்டு சத்தத்தின் நடுவே கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். நன்றாக இறுக்கிப் பிடித்தார். மக்கான் பக்கம் திரும்பி நடந்தோம்.